பாவாயி வாசலில் காய்த்த பிளக் பாயிண்ட்

பாவாயி தன் பேட்டரி வண்டிக்கு வீட்டிலேயே சார்ஜ் போட ஆரம்பித்த ஒன்பதாம் நாள் காலை, முற்றத்து மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த ஒயர் முளைவிட்டிருந்தது.

முதலில் பார்த்தவள் மூன்றாவது வீட்டில் நைட்டி தைக்கிற சுலோச்சனா. வாசல் தெளிக்க வாளியோடு வந்தவள் குனிந்து பார்த்தாள். விரல் நீளத்துக்குக் கறுப்பாக, வழுவழுவென்று, நுனி சுருண்டு, பாகற்கொழுந்து மாதிரி ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. "பாவாயக்கா, உங்க ஒயரு முளைச்சிருக்குதுங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றி ஓரமாகத் தெளித்துக்கொண்டு போனாள். பாவாயி பல் விளக்கியபடியே வந்து பார்த்தாள்.

"முளைச்சா முளைக்கட்டும். வண்டிக்குச் சார்ஜ் ஏறியிருக்குதான்னு பாரு."

ஏறியிருந்தது. அதற்கு மேல் அன்றைக்குக் கேட்க ஒன்றுமில்லை. அவளுக்கு வியாபாரத்துக்கு நேரமாகிவிட்டது.

பாவாயியின் வியாபாரம் பழைய துணிக்குப் பாத்திரம். எவர்சில்வர் கிண்ணம், பிளாஸ்டிக் குடம், அன்னக்கூடை என்று ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பழைய சேலைக்கும் பேண்ட் சட்டைக்கும் மாற்றிக் கொடுப்பது. இந்த வியாபாரத்தில் காசு கிடையாது, வாய் மட்டும்தான். ஒருத்தி பீரோவிலிருந்து கல்யாணப் பட்டுச்சேலையையே எடுத்து நீட்டினாலும், நெஞ்சுக்குள் ஆகா என்றிருக்க, முகத்தை மட்டும் சுளித்து, "இதென்னங்க அம்மிணி, சாக்குங்களா?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பாவாயிக்குத் தெரியும். வெயிலும் தெருநாயும் ஏமாற்றிப் போனவர்களும் பதினாறு வயதிலிருந்து அடித்து அடித்துச் சொல்லித் தந்த பாடம் அது. பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன நாளில் எல்லாம் அவள் தோற்றிருக்கிறாள். ஆகவே முப்பது வருஷமாக அவள் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. சோற்றைச் சொன்னதில்லை, மழையைச் சொன்னதில்லை, மகளுக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட "என்னமோ ரெண்டு கை ரெண்டு காலு இருக்குது" என்றுதான் சொன்னாள்.

அந்த முப்பது வருஷமும் கூடை தலையில் இருந்தது. கழுத்தெலும்பு தேய்ந்துபோய், இனி ஒரு குடம் தலையில் ஏறினாலும் கை மரத்துப்போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் காதில் கழுத்தில் இருந்ததைக் கொடுத்து, பின்னால் பலகை வைத்த மூன்று சக்கரப் பேட்டரி வண்டியை வாங்கினாள். வண்டி வந்ததும் வீட்டு ஓனர் நாச்சிமுத்துவிடம் மூன்று மத்தியானம் பேரம் நடந்தது. நாச்சிமுத்துவும் லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு காலத்தில் ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியே லைன் வீடு கட்டிய மனிதர். எட்டு வீடு, எட்டு வாசல், எட்டுக் குடும்பம், நடுவில் ஒரே ஒரு மண் முற்றம். வண்டி நிற்பதோ வெளிக்கேட்டுப் பக்கம், பாவாயி வீடோ உள்கோடி. மூன்றாம் நாள் அவர் இறங்கி வந்து சொன்னார்: "சார்ஜ் போட்டுக்க. ஆனா ஒயரு என்ற கண்ணுல படக்கூடாது, ஆமா."

அதனால்தான் ஒயரைப் புதைக்க வேண்டி வந்தது. எலக்ட்ரீசியன் ஷாகுல், குழாய்க்குள் விட்டுத்தான் புதைக்க வேண்டும் என்றான். பாவாயி கூலியை அடித்துப் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே போனாள். கடைசியில் பேரத்திலிருந்து குழாயே உதிர்ந்துபோயிற்று. "உங்க வாய்க்கு இவ்வளவுதாங்க்கா வரும்" என்று ஒயரை வெறுமனே மண்ணில் போட்டு மூடிவிட்டு, அவன் கோபமாகப் போய்விட்டான். அந்த மண்ணின் மேல் தினமும் விடிந்ததும் எட்டுப் பெண்கள் சாணி கரைத்துத் தெளித்தார்கள். கரண்டுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று எட்டுப் பேருக்கும் தெரியும். ஆனால் விடிகாலையில் வாசல் தெளிக்கிற கை யாரைக் கேட்டுக்கொண்டு தெளிக்கிறது? ஒன்பது நாள் தண்ணீர், ஒன்பது நாள் சாணி, ஒன்பது நாள் வெயில். ஊட்டம் குறைவில்லாமல் கிடைத்த எதுவும் முளைக்கத்தானே செய்யும்.

இரண்டாம் நாள் கொடி ஒரு முழம் வளர்ந்தது. நாலாம் நாள் பாவாயி ஜன்னலைப் பிடித்தது. ஒரு வாரத்தில் தகரக் கூரை ஏறி, சுலோச்சனா வீட்டுக் கொடிக்கயிற்றில் இறங்கி, ஐந்தாவது வீட்டுத் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி, எட்டாவது வீட்டு நிலைப்படியில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தது. இலை கிடையாது. கணுவுக்குக் கணு ஒரு சுருள், சுருளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு மொட்டு. மொட்டு மூன்று நாளில் வெடித்தால், உள்ளே அடைகாத்த முட்டை மாதிரி கதகதவென்று, மூன்று ஓட்டையோடு ஒரு பிளக் பாயிண்ட்.

சுலோச்சனாதான் முதலில் துணிந்து தையல் மிஷினைச் சொருகினாள். மிஷின் ஓடிய ஓட்டத்தில் ஒரே மத்தியானத்தில் இருபத்தேழு நைட்டி. அதற்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, ஆறாவது வீட்டில் ஆஸ்துமாவுக்கு மருந்துப் புகை பிடிக்கிற மிஷின் என்று எட்டு வீடும் கொடியில் தொற்றிக்கொண்டன. ஒரு மாதத்துக்குள் அதற்கென்று சட்டதிட்டங்களும் உண்டாகிவிட்டன. பிஞ்சில் சொருகக் கூடாது. பறித்தால் அந்த நிமிஷமே வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும், ஆகவே பறிக்கக் கூடாது. ஈரத்துணியை அதன் மேல் காயப்போடலாம், அது ஒன்றும் சொல்லாது. ஆனால் அதன் எதிரே சண்டை போட்டால் அன்றைக்கு மாவு நைசாக அரையாது. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து கொடியில் ஒரு துண்டு நறுக்கி வாங்கிப் போனார்கள். ரோஜாத் தொட்டியில் நட்டு யூரியா போட்டவர் வீட்டில், கொடி வளர்ந்ததென்னவோ உண்மை. ஜீரோ வாட்ஸ் பல்புக்கு மேல் ஒன்றையும் எரிக்க மாட்டேன் என்றுவிட்டது.

ஆனால் கொடியின் உயிரெல்லாம் வண்டி மேல்தான். மத்தியானம் இரண்டு மணி சுமாருக்குப் பாவாயி தெருமுனை திரும்புவாள். பேட்டரி வண்டிக்குச் சத்தம் கிடையாது, தெருநாய்க்கே தெரியாது, கொடிக்குத் தெரிந்துவிடும். கேட்டுப் பக்கத்துக் கொழுந்து தலையைத் தூக்கும், நாலா பக்கமும் துழாவும், வண்டி நின்றதும் தானே போய் அதன் வாயில் டக்கென்று பொருந்தும். அப்புறம் கன்று பால் குடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்கும். முன்பு நாற்பது கிலோமீட்டரில் மூச்சு வாங்கிய வண்டி, கொடியில் குடித்த பிறகு நூறு போயிற்று. பாவாயி மலையடிவாரத்து ஊர்கள் வரைக்கும் போய் வந்தாள். ஒரே ஒரு சங்கடம். கொடிக்குப் பழகிய வண்டி சுவர்க் கரண்டை மறந்துவிட்டது. ஒருநாள் அவசரத்துக்குச் சுவரில் சொருகிப் பார்த்தாள்; புட்டிப்பாலைத் துப்புகிற குழந்தை மாதிரி சார்ஜ் ஒரு கோடுகூட ஏற்றிக்கொள்ளவில்லை.

எட்டு வீட்டு மீட்டரும் நகராமல் நின்றதால் கரண்ட் ஆபீசிலிருந்து லைன்மேன் ஜெபராஜ் வந்தார். பாவாயி வீட்டுச் சுவிட்சைப் பார்த்தார், அணைந்திருந்தது. பிளக்கைப் பார்த்தார், பிடுங்கிக் கிடந்தது. கொடியைக் கையாலேயே தொடர்ந்து வந்து, மண்ணைக் கிளறி, வேரைப் பார்த்தார். வேர் மண்ணில்தான் இருந்தது.

"திருட்டுக் கரண்ட்டு இல்லீங்க" என்றார் யோசனையாக. "ஆனா இதை என்னன்னு எழுதறது? வீடுன்னா மீட்டர் ஓடோணும். வெவசாயம்னா கெணறு இருக்கோணும்."

"பீர்க்கங்கொடின்னு எழுதிட்டுப் போங்க சாமி" என்றாள் பாவாயி. "எனக்கு ஊருக்குப் போகோணும், உங்களோட நின்னு பேச நேரமில்லை."

அவர் 'கொடி வகை, காய்ப்பு உண்டு' என்று எழுதிக்கொண்டு, தன் போனையும் கொஞ்ச நேரம் சொருகி வைத்திருந்து எடுத்துப் போனார்.

எல்லாரும் வந்து போன பிறகுதான் நாச்சிமுத்து வந்தார். மோவாயைத் தடவிக்கொண்டு, கொடியை வேரிலிருந்து நுனி வரைக்கும், ஆட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"மண்ணு என்ற மண்ணு, பாவாயி. மொளைச்சதும் என்றதுதான். திங்கக்கெழமை ஆளோட வர்றேன். வேரோட தோண்டிக் கொண்டுபோயி, மெயின்ரோட்டு எடத்துல நட்டு, சார்ஜ் போடற ஸ்டாண்டு வெக்கப் போறேன்."

பாவாயிக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கொடி போனால் வண்டி வெறும் தகரக் கட்டில். வண்டி போனால் கூடை மறுபடியும் தலைக்கு வரும், தலைக்கு வந்தால் கழுத்து போகும். வேறு யாராவது என்றால் அவள் பேசுகிற பேச்சில் தெருவே கூடியிருக்கும். ஆனால் எதிரே நிற்பது பேரக்காரர். பேரக்காரரிடம் கோபத்தைக் காட்டினால் பொருளின் மதிப்பைக் காட்டிக் கொடுத்தது போலாகும். பல்லைக் கடித்துக் கோபத்தை விழுங்கினாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"அட, எடுத்துட்டுப் போங்கண்ணா, புண்ணியமாப் போகும். இந்தச் சனியன் எப்பத் தொலையும்னுதான் பார்த்துட்டிருக்கறேன்."

நாச்சிமுத்துவின் கை மோவாயில் நின்றது. "ஏன், நல்லாத்தானே இருக்குது?"

"என்னத்த நல்லா? பாருங்க, கணுவெல்லாம் வெடிப்பு. கரண்ட்டு ஒருநாளைக்கு வருது, மூணு நாளைக்கு இழுக்குது. போன வாரம் பூனையை அடிச்சுப் போட்டுது. ரோட்டுல வெச்சு எவனாச்சு காரைச் சொருகி, காரு வெந்து போச்சுன்னா உங்க தலைலதான் விடியும். காய்ச்ச காயும் பாருங்க, சொத்தை. ஒண்ணுக்குமாகாத ஜென்மம், எடத்தை அடைச்சுட்டுக் கெடக்குது."

பூனை அடிபடவே இல்லை. அது ஒன்றாவது வீட்டுச் சுவரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. எட்டு வீட்டாரும் பாவாயியின் சாமர்த்தியத்தைப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்ல, கொடியும் அவளுக்கு ஒத்துப் பாடுவது போல, ஒவ்வொரு கணுவாகத் தொய்ந்தது. வெடிப்பு என்றாள், வெடித்தது. சொத்தை என்றாள், காய் ஒன்று கறுத்துக் கீழே விழுந்தது. நாச்சிமுத்து அந்தக் காயைச் செருப்பால் புரட்டிப் பார்த்தார்.

"நெசந்தான். குப்பை. நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் முற்றம் கைதட்டியது. "அக்கா, உங்க வாய்க்குத் தங்கத்துல பல்லு கட்டோணும்" என்றாள் சுலோச்சனா. உள்ளே போய் மிஷினை மிதித்தாள். மிஷின் ஓடவில்லை. கிரைண்டர் ஓடவில்லை. விசிறி அரைச் சுற்றில் நின்றது. கேட்டுப் பக்கத்துக் கொழுந்து தரையில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. வண்டியில் ஒரே ஒரு பச்சைக் கோடு.

"அட நாயே, என்ன நடிப்பு? அவரு போயிட்டாரு, எந்திரி" என்றாள் பாவாயி. கொடி இன்னும் ஒரு கணு தொய்ந்தது.

"கேட்டுருச்சுங்க்கா" என்றாள் சுலோச்சனா மெதுவாக.

"அது வியாபாரப் பேச்சு புள்ள!"

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்கென்னங்க தெரியும்? மொளைச்சு மூணு மாசங்கூட ஆகலை."

அன்றைக்கு மோர் ஊற்றிப் பார்த்தார்கள். மறுநாள் ஷாகுலைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, வேரில் கோளாறில்லை என்று பாவாயி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். ஏழு வீட்டுப் பெண்களும் சுற்றி நின்று, ராசாத்தியே, தங்கமே, எங்க வீட்டு வெளக்கே என்று கொஞ்சிப் பார்த்தார்கள். கொடி அசையவில்லை. சொன்னது யாரோ, அவர்தான் சொல்ல வேண்டும் என்பது போல் கிடந்தது. பாவாயி மட்டும் பக்கத்தில் போகவில்லை. கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லை. புகழ்வது அதைவிடப் பழக்கமில்லை.

வியாழக்கிழமை காலை, அவள் பரணிலிருந்து பழைய கூடையை இறக்கி, அரைக் கூடைப் பாத்திரம் மட்டும் வைத்துத் தலைக்கு ஏற்றினாள். கேட்டு வரைக்கும் நடந்தாள். வலது கை தோளிலிருந்து விரல் வரைக்கும் மரத்து, கை இருப்பதே தெரியாமல் போக, கூடை சரிந்து, எவர்சில்வர் கிண்ணங்கள் முற்றம் பூராவும் உருண்டோடின. எட்டு வீட்டுக் கதவும் திறந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவள் கிண்ணங்களைப் பொறுக்கவில்லை. கொடியின் முன்னால் வந்து, வெயிலில், மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணி மோட்டாரைப் பார்க்க நாச்சிமுத்து கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "அக்கா, ஓனரு!" என்று சுலோச்சனா கண்ணைக் காட்டினாள். பாவாயி அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வென்ற பேரம் முழுதும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கொடியைப் பார்த்தாள். திறந்தாள்.

"நல்லா..." மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். "நல்லா இருக்கற சாமி."

பிறகு அணை உடைந்த மாதிரி வந்தது. "நெசமா நல்லா இருக்கற. அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய்யி, இவருகிட்ட இருந்து உன்னையக் காப்பாத்தச் சொன்ன பொய்யி. முப்பது வருசமா எத்தனையோ பொருளைக் கையில வாங்கிப் பார்த்திருக்கறேன், உன்னையாட்ட ஒண்ணை நான் பார்த்ததில்லை. உன்ற கறுப்புக்கு எந்தப் பட்டுக்கரையும் காணாது, நீ புடிக்கற புடிக்கு இரும்பு காணாது. எட்டு ஊட்டுக்கும் காய்ச்ச, எவளையும் எளப்பமாப் பார்க்காமக் காய்ச்ச, அந்த ஆறாவது ஊட்டுக்காரருக்கு மூச்சாக் காய்ச்ச. பத்தியம் சாணித்தண்ணி, படுக்கை வெறும் மண்ணு, எனக்கு இது வேணும் அது வேணும்னு நீ ஒரு வார்த்தை பேசலை. நான் ஒரு கொழாய்க்குக் கணக்குப் பார்த்தவ. வாய் பூராக் காரம், நல்ல வார்த்தை சொல்லத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு, ரெண்டு மணியானா தலையத் தூக்கி வழி பார்த்து நின்ன. என்னைய எவனும் அப்படி எதிர்பார்த்து நின்னதில்லை சாமி. நீ நல்ல பொருளு. உன்னையாட்ட நல்ல பொருளு இந்த ஒலகத்துல இல்லை. கேட்டுக்க, எல்லாரும் கேட்டுக்குங்க, நாந்தான் சொல்றேன், பாவாயி சொல்றேன்!"

முதலில் சுலோச்சனாவின் மிஷின், ஆளில்லாமலே, ஒரு தையல் போட்டது. பிறகு கூரையில் ஒரு கணு நிமிர்ந்தது, அடுத்த கணு நிமிர்ந்தது, எட்டு வீட்டு விசிறியும் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. கேட்டுப் பக்கத்துக் கொழுந்து மண்ணை உதறிக்கொண்டு எழுந்து, பாவாயியின் மரத்த கையை ஒரு தரம் தொட்டுவிட்டு, வண்டியின் வாயில் டக்கென்று பொருந்தியது.

நாச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அப்ப அன்னைக்குச் சொன்னது?"

"பொய்யுங்க."

"சரி." தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பழைய சந்தைக்காரர் அவருக்குள் எழுந்து நின்றார். "ரோட்டுல கொண்டுபோயி நட மாட்டேன், உட்ரு. ஆனா நாலு பாயிண்ட்டு எனக்கு. என்ற காரு, மச்சானோட ரெண்டு ஆட்டோ, பையன் ஸ்கூட்டர். தெனமும்."

"சரிங்க" என்றாள் பாவாயி.

அவர் காத்திருந்தார். அவள் ஒன்று என்பாள், தான் மூன்றரை என்று இழுக்கலாம், அவள் தலையில் அடித்துக்கொள்வாள், தான் போகிற மாதிரி கேட்டு வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று கணக்கெல்லாம் வைத்திருந்தார். அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சரிங்க? கொறைச்சுக் கேளு."

"கொறைச்சுக் கேட்டா இதுக்கு அவமானமுங்கண்ணா. இதோட மதிப்புக்கு நாலு கேட்டது கம்மி."

தள்ளுவதற்குத் தோளைக் கொடுத்தவனுக்குக் கதவு தானாகத் திறந்தால் என்ன ஆகும்? நாச்சிமுத்து தடுமாறினார். "மச்சானுக்கு எதுக்கு, அவன் வேற எங்காச்சும் போட்டுக்கட்டும். ரெண்டு."

"சரிங்க."

"பையன் எங்க இங்க வர்றான்... ஒண்ணு. வாரத்துக்கு ஒருக்கா."

"சரிங்க."

"ஒரு பேச்சுக்காச்சும் அடிச்சுக் கேளு அம்மிணி!" கிட்டத்தட்ட அழுகிற குரலாகிவிட்டது. எதிர்த்தள்ளு இல்லாத பேரத்தில் அவர் தன்னைத்தானே அடித்து, அடித்து, கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார். சட்டைப் பையைத் துழாவிப் போனை எடுத்தார்.

"ஆறு பெர்சென்ட்டுதான் இருக்குது. ஒரு பத்து நிமிசம் போட்டுக்கட்டுங்களா?"

"என்னைய எதுக்குக் கேக்கறீங்க?" என்று பாவாயி கொடியைக் காட்டினாள். "குப்பைன்னு சொன்னவரு நீங்க. அதுகிட்டச் சொல்லுங்க."

நாச்சிமுத்து எட்டு வீட்டாரையும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கொடியின் எதிரே போய் நின்று, தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"அவசரமில்லீங்கண்ணா, நின்னு நெதானமாச் சொல்லுங்க" என்றாள் பாவாயி, உருண்டு கிடந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து வண்டியில் அடுக்கியபடியே. "எனக்கு முப்பது வருசமாச்சு."